மடிப்புக்குள் போன காலேஜ் பெயர்

என் வாழ்க்கையில் இதுவரை நான் கோட்டு போட்டதே இல்லை. ஆனால் கோட்டு போட்ட என் படம், எட்டுக்குப் பன்னிரண்டு அடி சைஸில், தென்காசியில் எங்கள் தெருமுனையில் ஏழு மாதம் நின்றது. கழுத்துக்கு மேலே நான். கழுத்துக்குக் கீழே யாரோ. அந்த யாரோ என்னைவிடக் கொஞ்சம் சிவப்பு. அதனால் கழுத்தைச் சுற்றி ஒரு கோடு தெரியும். தலையை மட்டும் மாற்றி வைத்த ஜவுளிக்கடை பொம்மை மாதிரி சிரித்துக்கொண்டு நிற்பேன்.

எல்லாம் என் தாய்மாமா வேலை. தென்காசியில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடை வைத்திருக்கிறார். மற்ற வீடுகளில் நல்ல சேதி வந்தால் அல்வா வாங்குவார்கள். எங்கள் வீட்டில் மாமா போன் போட்டு, "போட்டோ அனுப்புட்டி" என்பார். காதுகுத்து, பிளஸ் டூ மார்க், அண்ணன் போலீஸ் செலக்‌ஷன், எல்லாவற்றுக்கும் ஃப்ளெக்ஸ். சென்னையில் பெரிய பெயருள்ள அந்த காலேஜில் எனக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் கிடைத்தபோது ஒன்று வைத்தார். நாலாவது வருஷம் கேம்பஸில் ஒரு பெரிய கம்பெனி ஆபர் லெட்டர் கொடுத்தபோது இன்னொன்று. கோட்டு வந்தது இரண்டாவதில்தான். பின்னால் எந்த ஊரென்றே தெரியாத கண்ணாடிக் கட்டடம். தலைக்கு மேலே காலேஜ் பெயர், தங்க நிறத்தில், என் பெயரைப்போல மூன்று மடங்கு பெரிதாக.

"மாமா, என் பேரு கண்ணுக்கே தெரியல" என்று போனில் கேட்டேன்.

"உன் பேருதான் தெருவுக்கே தெரியும்லா மருமவளே. காலேஜ் பேருக்குத்தான் வெயிட்டு."

உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்படித்தான் பட்டது. நாலு வருஷம் அந்தப் பெயரை வைத்துச் சும்மா சீன் போடவில்லை, செமையாகப் போட்டேன். ஊருக்கு வரும் ரயிலில் எதிர் சீட் ஆள், "என்னம்மா படிக்கிற?" என்று கேட்டால், படிப்பைச் சொல்ல மாட்டேன். காலேஜைத்தான் முதலில் சொல்வேன். சொல்லிவிட்டு அவர் புருவம் ஏறுகிற வரைக்கும் காத்திருப்பேன். ஏறியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

மாமாவுக்கும் எனக்கும் தெரியாமல் போனது ஒன்றே ஒன்றுதான். ஆபர் லெட்டர் வேறு, வேலை வேறு.

பரீட்சை முடிந்து மே மாதம் ஊருக்கு வந்தேன். ஜூனில் சேர வேண்டும். ஜூன் முதல் வாரம் கம்பெனியிலிருந்து ஒரு மெயில். சேரும் தேதி பிறகு தெரிவிக்கப்படும், பொறுமைக்கு நன்றி. நான் எப்போது பொறுமையாக இருந்தேன் என்று இவர்களுக்கு யார் சொன்னது என்றுதான் முதலில் தோன்றியது. இரண்டு வாரம் கழித்து இன்னொரு மெயில் வந்தது. அதிலும் அதே நன்றி. அதோடு மெயிலும் நின்றுவிட்டது.

தெரு சும்மா இருக்குமா. பக்கத்து வீட்டு அக்கா தண்ணீர் பிடிக்கும்போதெல்லாம், "எப்பம் போறட்டி?" என்று கேட்பாள். மே மாதம் கேட்டபோது ஜூன் என்றேன். ஜூனில் ஜூலை என்றேன். ஜூலையில் அவளே முந்திக்கொண்டாள்.

"படத்துல கோட்டு போட்டு ஆபீசு போயிட்ட. ஆளு இன்னும் நைட்டியோட கொடம் தூக்கிட்டு நிக்க."

சிரித்துக்கொண்டே உள்ளே வந்துவிட்டேன். உள்ளே வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. அம்மா அதைவிட மோசம். கேட்பவர்களிடமெல்லாம் "பாஸ்போர்ட்டு வேலை நடக்கு" என்று ஒரு புதுக் கதையை அவிழ்த்துவிட்டிருந்தாள். சென்னையில் வேலைக்குச் சேர எதற்குப் பாஸ்போர்ட் என்று அதிர்ஷ்டவசமாக யாரும் கேட்கவில்லை. எனக்கு அப்போது வேண்டியதெல்லாம் ஒரு வேலை. இந்தப் பொய் உடைந்து அம்மாவும் மாமாவும் தெருவில் தலைகுனிவதற்கு முன்னால், ஏதாவது ஒரு வேலை.

அந்த ஃப்ளெக்ஸை ஒரு நாள் காற்றே கவனித்துக்கொண்டது. சாரல் சீசனில் செங்கோட்டைப் பக்கமிருந்து வருகிற காற்று எதையும் நிற்க விடாது. அதனாலேயே மாமா ஃப்ளெக்ஸ் கட்டும்போது பிளேடு வைத்து அங்கங்கே அரைவட்டமாகக் கீறி விடுவார். காற்று முட்டாமல் அந்த வழியே போய்விடும். எனக்குக் கோட்டுப் பையில் ஒரு கீறல். காற்றடித்தால் பை தானாகத் திறந்து திறந்து மூடும். அப்படியும் ஜூலையில் ஒரு காலை எழுந்து பார்த்தால் தெருமுனையில் வெறும் கம்புதான் நின்றது.

"காத்து கயித்த அறுத்துட்டு" என்றார் மாமா. "கவலப்படாத. கழட்டிப் பத்திரமா வச்சிருக்கேன்."

நான் ஏன் கவலைப்படப் போகிறேன். மனசுக்குள் அந்தக் காற்றுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

இந்த இடத்தில் என் ஸ்நேகிதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை ஒரே பெஞ்ச். அவள் வாப்பா துபாயில். அவர் கொண்டுவருகிற சாக்லேட்டில் பாதி என் பங்கு. கவுன்சலிங்கில் அவள் கட்ஆப் என்னுடையதைவிட அரை மார்க் குறைவு. அந்த அரை மார்க்கில் நான் சென்னை போனேன். அவளுக்கு மலையடிவாரத்தில் இருக்கிற காலேஜ் கிடைத்தது. சுற்றுப்பட்டு ஊர் அத்தனைக்கும் மஞ்சள் பஸ் விடுகிற காலேஜ். நான் அதற்கு வைத்த பெயர் பஸ் காலேஜ். நாலு வருஷமும் லீவுக்கு வரும்போதெல்லாம், "என்னட்டி, உங்க காலேஜ்ல டிரைவருக்கும் டிகிரி உண்டா?" என்று கேட்பேன். அவளும் சிரிப்பாள். படித்து முடித்த அடுத்த மாதமே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். இலத்தூர் போகிற வழியில் ஒரு கல்யாண மண்டபம், அதன் மாடியில் ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனி. முகூர்த்த நாளில் கீழே மேளம், மேலே கோடிங்.

ஜூலை கடைசியில் ஒரு நாள் காலை அவள் ஆபீஸ் போவதற்கு முன்னால் குற்றாலம் போனோம். மெயின் அருவியில் பெண்கள் பக்கம் அவ்வளவு கூட்டமில்லை. தலையில் தண்ணீர் மொத்து மொத்தென்று விழுந்தது. இரண்டு மாதமாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த மெயிலெல்லாம் கொஞ்சநேரம் ஓடவில்லை. குளித்து முடித்து, தலையில் துண்டோடு கடை ஓரம் நின்று டீ குடிக்கும்போது அவள் கேட்டாள்.

"எங்க ஆபீஸ்ல ஒரு ஆளு எடுக்காங்க. வாரியா?"

"எனக்கு எதுக்குட்டி? நான்தான் அடுத்த மாசம் சேரப் போறேம்லா."

அவள் டீயை ஊதினாள். "நீ சேரல."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. சென்னைக்கு வேலைக்குப் போறவ இந்நேரம் பத்து சுடிதாரு எடுத்துருப்பா. நீ மே மாசத்துல இருந்து இந்த அறுந்த செருப்பத்தான் ஊசி குத்திப் போட்டுட்டு அலையுத."

குனிந்து செருப்பைப் பார்த்தேன். துப்பறிவதில் இவளுக்கு எந்த காலேஜில் டிகிரி கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

"கல்யாண மண்டபத்து மாடியா?" என்றேன், கடைசியாக மிச்சமிருந்த கெத்தோடு.

"ஆமா. முகூர்த்த நாள்ல கீழ சாப்பாடு ஃப்ரீ."

அடுத்த திங்கட்கிழமை போனேன். ஆபீஸில் மொத்தமே பதினாலு பேர். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். கட்டம் போட்ட சட்டை, காதில் பேனா. ஒரு ஃபாரம் கொடுத்தார். பெயர், போன் நம்பர், எந்த ஊர், எந்த பஸ்ஸில் வருவீர்கள். அவ்வளவுதான். தாளைத் திருப்பிப் பார்த்தேன். காலேஜ் பெயர் எழுத இடமே இல்லை. பிரிண்டிங்கில் விட்டுப்போயிருக்கும் என்று முடிவுசெய்து, கடைசிக் கட்டத்தில் நானே காலேஜ் பெயரைப் பெரிதாக எழுதி அடிக்கோடும் போட்டேன்.

அண்ணாச்சி மேலிருந்து கீழே படித்தார். கடைசிக் கட்டத்தில் நின்றார்.

"எந்த பஸ்ல வருவன்னு கேட்டா காலேஜ் பேர எழுதிருக்க."

"இல்ல அண்ணாச்சி, அது வந்து..."

"அந்தப் பேருல இந்த ரூட்டுல பஸ்ஸே கெடயாதே. டவுன் பஸ்ஸுல வந்தா காலைல ஒம்பதுக்குள்ள வந்துருவியா?"

"வந்துருவேன்."

பின்னாலிருந்த மேஜையில் என் ஸ்நேகிதி கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

எனக்கு ஒரு வேலை கொடுத்தார். புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் ஒரு மண்டி. சுற்று வட்டாரத்து விவசாயிகள் அங்கேதான் காய் கொண்டுவருவார்கள். மறுநாள் யார் எத்தனை மூட்டை கொண்டுவருவார்கள் என்று முதல் நாளே தெரிந்தால்தான் மண்டிக்காரர் வெளியூருக்கு எத்தனை லாரி சொல்வது என்று முடிவுசெய்ய முடியும். இப்போது எல்லாம் போனிலும் வாட்ஸப் குரலிலும் நடக்கிறது. அதற்கு ஒரு ஆப் செய்ய வேண்டும். வியாழக்கிழமை மண்டிக்கே போய்க் காட்ட வேண்டும். சரியாக இருந்தால் வேலை.

இவ்வளவுதானா என்று நினைத்தேன். இதைவிடப் பெரிய புராஜெக்டையெல்லாம் காலேஜில் இரண்டாவது வருஷமே செய்தவள் நான். மூன்று நாளில் முடித்தேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. விவசாயி தன் மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் போட்டு உள்ளே வருவார், மூட்டை எண்ணிக்கையைத் தட்டுவார், மண்டிக்காரர் திரையில் பச்சை வட்டம் சுழன்று மொத்தம் வந்து நிற்கும். அந்தப் பச்சை வட்டத்துக்கு மட்டும் அரை நாள் செலவழித்தேன்.

வியாழக்கிழமை காலை அண்ணாச்சி, ஸ்நேகிதி, நான் மூன்று பேரும் புளியங்குடி போனோம். லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. மார்க்கெட் முழுக்க எலுமிச்சை வாசனை, மூக்கிலேயே பிழிந்து விட்ட மாதிரி. மண்டி முற்றத்தில் லாரிக்கு ஏற்ற வேண்டிய மூட்டைகளை அடுக்கி, நனையாமல் மூடி வைத்திருந்தார்கள். அந்த மூடியைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது.

நான்தான். ஒரு கண், பாதிச் சிரிப்பு, கழுத்துக் கோடு, கோட்டு. கோட்டின் இரண்டாவது பட்டன் மேல் யாரோ குடித்து வைத்த டீ கிளாஸ். காற்றில் பறக்காமலிருக்க மேல்பக்கத்தை மடித்து மூட்டைக்கு அடியில் சொருகியிருந்தார்கள். காலேஜ் பெயர் முழுசாக அந்த மடிப்புக்குள். வெளியே தெரிந்த ஒரே வார்த்தை, 'வாழ்த்துகிறோம்'.

இதுதான் மாமா பத்திரமாக வைத்திருக்கிற லட்சணம். ஸ்நேகிதி என் கையைப் பிடித்து அமுக்கினாள். ஆறுதலுக்கா, சிரிப்பை அடக்கவா என்று தெரியவில்லை. நான் தலையைத் திருப்பிக்கொண்டு போய்விடலாம் என்று பார்த்தேன். அதற்குள் மண்டிக்காரர் வந்துவிட்டார். என்னைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"ஏ தாயி, நீ அந்தக் கோட்டு பிள்ளல்லா?"

மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் நின்றார்கள்.

"உன் மூஞ்சிய நாங்க தெனமும் பாக்கோம். உன் மாமன்ட்ட வாங்குனது, நல்ல கனமான ஃப்ளெக்ஸு, கீறல டேப்பு போட்டு ஒட்டிட்டோம், ஒரு சொட்டு எறங்கல பாத்துக்க. பெரிய கம்பெனில வேலன்னு போட்ருந்துச்சே. நீ இங்கன என்ன செய்யுத?"

அண்ணாச்சியும் திரும்பிப் பார்த்தார். நான் அவரிடம் அந்தக் கம்பெனியைப் பற்றி மூச்சே விட்டிருக்கவில்லை. பாஸ்போர்ட் கதை ஒரு நொடி நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"வேலைக்குக் கூப்பிடுதோம்னு லெட்டர் குடுத்தாங்க. இன்னும் கூப்பிடல" என்றேன். இரண்டு மாதத்தில் முதல்முறையாக வெளியே சொன்னது. சொல்லி முடித்ததும் இடி எதுவும் விழவில்லை.

"எறங்காத மூட்டைக்கு எவனாவது தண்டோரா போடுவானா" என்றார் மண்டிக்காரர். "உன் மாமன் ஒரு கோட்டிக்காரன், சரியான கிறுக்கன். சரி, டீ குடி. என்னவோ கொண்டாந்திருக்கியாமே, காட்டு."

காட்டினேன். பாஸ்வேர்டு பக்கத்திலேயே வண்டி நின்றுவிட்டது. அங்கே காய் கொண்டுவந்திருந்த ஒரு பெரியவரிடம் போனைக் கொடுத்துப் பார்த்தோம். அவர் நாலு தரம் தட்டிவிட்டு, "என் தோட்டத்துக் காய்க்கு எதுக்குத்தா இத்தன பூட்டு?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். சரி, பாஸ்வேர்டை எடுத்துவிடலாம், எண்ணிக்கையாவது சொல்லுங்கள், நாளைக்கு எத்தனை மூட்டை என்று கேட்டேன்.

"ஒரு அஞ்சு கெடைக்கும்" என்றார்.

தட்டினேன். பச்சை வட்டம் சுழன்று ஐந்து என்று நின்றது. பெரியவர் அந்தப் பக்கம் போனதும் மண்டிக்காரர் என் காதோரம் சொன்னார்.

"பத்துன்னு போட்டுக்க."

"அவரு அஞ்சுன்னு சொன்னாரே."

"வெளஞ்சத அப்படியே சொன்னா கண்ணு பட்டுரும்லா. இவரு எப்பவும் பாதிதான் சொல்லுவாரு. அந்தா துண்டு கட்டிருக்காரே, அவரு ரெண்டு மூட்ட கொறச்சிச் சொல்லுவாரு. இன்னொருத்தரு இருக்காரு, லாரில எடம் புடிக்கணும்னு இருவதும்பாரு, பன்னெண்டுதான் வரும். உன் ஆப்புக்கு இதெல்லாம் தெரியுமா?"

என் ஆப்புக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. பச்சை வட்டம் மட்டும் அழகாகச் சுழன்றுகொண்டிருந்தது. செம பல்பு.

அண்ணாச்சிக்குப் புளியங்குடியில் வேறு வேலை இருந்தது. கிளம்பும்போது, "திங்கக்கெழம வரைக்கும் டைம் எடுத்துக்க" என்றார். "அன்னைக்கும் சரியா வரலன்னா வேற ஆளப் பாக்கணும், பாத்துக்க."

நானும் ஸ்நேகிதியும் தென்காசி பஸ்ஸில் ஏறினோம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து நான் ஒரு தத்துவப் பேச்சை ஆரம்பித்தேன்.

"காலேஜ் பேருல ஒண்ணுமே இல்லட்டி. நாலு வருசம் சும்மா. எங்க படிச்சாலும் ஒண்ணுதான்."

அவள் டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தாள். நான் இன்னும் கொஞ்சம் நீட்டினேன். அப்புறம்தான் திரும்பினாள்.

"ஏட்டி, கொஞ்சம் வாய மூடுதியா? ஒண்ணுதான்னு நீ சொல்லாத. நீ போயிட்டு வந்து சொல்லுத. நான் போகல. அரை மார்க்கு. கெமிஸ்ட்ரில ஒரு கணக்க தப்பாப் போட்டேன், இன்னும் அந்தக் கணக்கு எனக்கு ஞாபகம் இருக்கு. உங்க காலேஜுக்கு முன்னூறு கம்பெனி வந்துச்சுன்னு நீ ஸ்டேட்டஸ் போட்டீல்லா, எங்களுக்கு ஏழு வந்துச்சு. ஏழுல அஞ்சு கால் சென்டரு. அது மேட்டருதாம்ட்டி."

பஸ் கடையநல்லூரில் நின்று கிளம்பியது.

"அப்பம் நான் டிரைவருக்கு டிகிரி உண்டான்னு கேட்டப்பல்லாம் ஏன்ட்டி சிரிச்ச?"

"வேற என்ன செய்ய? நீ கூறுகெட்டுப் பேசுதன்னு அழவா முடியும்?" என்றாள். கொஞ்சம் பொறுத்து அவளே என் தோளில் இடித்தாள். "சரி விடு. அங்கன அத்தன வருசம் என்னதான் படிச்ச? அந்தப் பெரியவரு பாதி சொல்லுதாரு, இன்னொருத்தரு கூட்டிச் சொல்லுதாரு. இதுக்கு உங்க பெரிய காலேஜ்ல வழியே சொல்லித் தரலயா?"

சொல்லித் தந்திருந்தார்கள். அதுதான் வேடிக்கை. மூன்றாவது வருஷம், மதிய சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற வகுப்பு. ஒரு ஆள் முன்னால் சொன்னதையும் பிறகு நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அடுத்த முறை அவர் சொல்வதிலிருந்து நடக்கப்போவதை ஓரளவு கணிக்கலாம். பாதித் தூக்கத்தில் எழுதிய நோட்ஸை வீட்டுப் பரணிலிருந்து தேடி எடுத்தேன். பாஸ்வேர்டைத் தூக்கி எறிந்தேன். பச்சை வட்டத்தை மனசில்லாமல் அழித்தேன். மறுநாளும் புளியங்குடி போய், மண்டிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொருவரும் சொன்னதையும் இறக்கியதையும் அவர் பழைய நோட்டிலிருந்து எழுதிக்கொண்டேன். அதை எப்படிக் கேட்டு வாங்குவது, யாரிடம் எப்போது பேசக்கூடாது என்பதெல்லாம் ஸ்நேகிதி சொல்லித் தந்தது. என் காலேஜில் அதற்குப் பேப்பர் கிடையாது.

திங்கட்கிழமை அந்தப் பெரியவர் வாட்ஸப்பில், "நாளைக்கு ஒரு ஆறு கொண்டாரேன்" என்று குரல் அனுப்பினார். என் ஆப் பன்னிரண்டு என்று காட்டியது. மறுநாள் மண்டியில் பதினொன்று இறங்கியது. மண்டிக்காரர் அண்ணாச்சிக்குப் போன் போட்டார்.

"உங்க பிள்ள ஒரு மூட்ட கூட்டிச் சொல்லிட்டா. பரவால்ல, மாமன் புத்தி கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அந்தப் பிள்ளையவே வச்சிக்கிடுங்க."

வேலையில் சேர்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன், கல்யாண மண்டபத்து மாடி என்பதையும் சேர்த்து. "அப்பம் முகூர்த்தத்துக்குப் பந்தி உண்டா?" என்றுதான் அவள் முதலில் கேட்டாள். மாமா அன்று சாயங்காலமே போட்டோ கேட்டார். ஃப்ளெக்ஸ் வைத்தால் கடைக்குள் வந்து பிளேடால் எல்லாவற்றையும் கீறிவிடுவேன் என்று சொன்ன பிறகுதான் விட்டார். சென்னைக் கம்பெனியிலிருந்து இன்னும் மெயில் வரவில்லை. எப்போதாவது போய்ப் பார்ப்பேன், பழக்கதோஷம்.

போன வாரம் மாமா போன் போட்டார்.

"மருமவளே, மண்டில இருந்து கேட்டு விட்டிருக்காங்க. உன் ஃப்ளெக்ஸு கிழிஞ்சி போச்சாம். ஐப்பசி மழ வாரதுக்குள்ள கனமா ஒண்ணு வேணுமாம். நல்ல சேதி ஏதும் உண்டா?"

இருந்தது. என் ஸ்நேகிதியை டீம் லீட் ஆக்கியிருந்தார்கள். என் டீமுக்கேதான். முந்தைய நாள்தான் புதுப் பதவி போட்ட ஐடி கார்டு கையில் வந்திருந்தது, ஆகவே மூட்டை இறங்கியாயிற்று. அவளிடம் கேட்டேன். வேண்டாம் என்று திட்டுவாள் என்று நினைத்தேன்.

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கொஞ்சநேரம் யோசித்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து இன்றுவரை எங்கள் வீட்டுக்கு மாமா அடித்த ஃப்ளெக்ஸ் பதினொன்று. அவள் வீட்டுக்கு ஒன்றுகூட இல்லை. எனக்கு அது அப்போதுதான் உறைத்தது.

"வைக்கச் சொல்லு" என்றாள். "எனக்கும் அந்தக் கோட்டு வேணும்."

"கழுத்துல கோடு விழுமேட்டி."

"விழட்டும். எங்க காலேஜ் பேர மேல போடணும். தங்கக் கலருல. என் பேரவிடப் பெரிசா."

மாமாவிடம் அப்படியே சொன்னேன். அவர் பஸ் காலேஜின் முழுப் பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டார். நாலு வருஷம் கேலி செய்த எனக்கே அதன் முழுப் பெயர் தெரிந்திருக்கவில்லை, அவளிடம் கேட்டுத்தான் சொன்னேன். நேற்று தெருமுனையில் கட்டிவிட்டார்கள். காற்றுக்கான கீறலைக் கோட்டில் எத்தனை வேண்டுமானாலும் போடுங்கள், காலேஜ் பெயர் பக்கம் பிளேடு போகக்கூடாது என்று பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டேன். மழை வருவதற்கு முன்னால் அது புளியங்குடி போகும்.

மண்டிக்காரருக்கும் நேற்றே குரல் அனுப்பிவிட்டேன்.

"இந்தத் தடவ கோட்ட அடில சொருவுங்க. காலேஜ் பேரு வெளிய தெரியணும்."